எங்கள் தண்ணீருக்கு ஒத்துவரும் மீன்கள்

முதல் தடவை மீன் வாங்கி வந்தது நான்தான். அந்தக் கதையை என் மனைவி இன்றுவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குத் திருச்சியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பில் போடும் வேலை. கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். ஹாலில் வைக்க ரெண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கியிருந்தோம். அதற்கு மீன் வேண்டுமே என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மீன் கடைக்குள் நுழைந்து, கண்ணுக்கு அழகாகப் பட்டதையெல்லாம் கை காட்டினேன். தங்க மீன் இரண்டு, உடம்பெல்லாம் பட்டை போட்ட டைகர் பார்ப் நாலு, நீளத் துடுப்போடு ஒரு ஏஞ்சல், ஊதா நிறத்தில் ஒரு ஃபைட்டர். பாலித்தீன் பைகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது பக்கத்து சீட்டு அம்மா, "எல்லாம் ஒரே தொட்டிக்கா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்று பெருமையாகச் சொன்னேன்.

திங்கட்கிழமைக்குள் தொட்டி ரணகளம். டைகர் பார்ப் நாலும் சேர்ந்து ஏஞ்சலின் துடுப்பைக் கடித்துக் குதறிவிட்டன. ஃபைட்டர் பாதி வாலை இழந்து மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. தங்க மீன்கள் இரண்டும் தின்பதும் கழிவதுமாகத் தண்ணீரையே கலங்கடித்துவிட்டன. என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இது மீன் தொட்டியாங்க, இல்ல முகூர்த்த நாள் பஸ் ஸ்டாண்டா?" என்றாள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கண்டக்டர், கரண்ட் ஆபீஸ், மாடிப்படியில் செருப்பை விடுகிறவர்கள் என்று தினமும் யார் மேலாவது வரும். அன்று டைகர் பார்ப் மேல் வந்தது. எல்லாவற்றையும் வாரிக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

அதற்குப் பிறகு பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள். அவள் கீரனூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்தாலும் வழிமுறை எழுதவில்லை என்றால் மார்க் போட மாட்டாள். அவள் முதலில் ஆராய்ந்தது மீனை அல்ல, தண்ணீரை. எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று போர் தண்ணீர். குழாயைச் சுற்றி வெள்ளையாகப் படியும், சோப்பு போட்டால் நுரை வராது. இன்னொன்று காவிரித் தண்ணீர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரவேண்டியது, வரும்போதுதான் வரும். "குடிக்கவே குடம் வச்சுக் காத்துக் கெடக்கோம். மீனுக்கு ஊத்த காவிரிக்கு எங்கங்க போறது? நம்ம போர் தண்ணியில எது வாழுமோ அதத்தான் வாங்கணும்" என்றாள்.

போனில் எத்தனையோ வீடியோ பார்த்து, கடைசியில் கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும்தான் நமக்குத் தோது என்று முடிவு செய்தாள். அவற்றுக்கு இந்த மாதிரி உப்புத் தண்ணீர்தான் பிடிக்குமாம். நான் ஆசைப்பட்ட நியான் டெட்ரா, அதுதான் நீலமும் சிவப்புமாக மினுங்குமே, அதற்கு நல்ல தண்ணீர் வேண்டுமாம். "அது காவிரிக்கரை ஸ்ரீரங்கத்து ஆளுங்க, நம்ம வீட்டுக்குச் சரிப்படாது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள். சின்னத் தொட்டி என்பதால் விரல் நீளத்துக்கு மேல் வளர்கிற எதுவும் கூடாது. அடுத்தவன் வாலைக் கடிக்கிற புத்தி உள்ளது கூடவே கூடாது. கப்பியில் ஆண் ஒன்றுக்குப் பெண் இரண்டாவது இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆண் துரத்தித் துரத்தியே பெண்ணை ஒருவழி ஆக்கிவிடும் என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் தேர்ந்தெடுத்த மீன்கள் வந்த பிறகு வீட்டின் சாயங்காலமே மாறிவிட்டது. நான் பஸ்ஸில் நசுங்கி வந்து சேரும்போது அவள் பேப்பர் கட்டோடு தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். சிவப்பு மையால் ஒரு பேப்பர் திருத்துவாள், ஒரு நிமிஷம் மீன் பார்ப்பாள். ஆரஞ்சு நிறப் பிளாட்டிகள் கூட்டமாகக் கண்ணாடிக்கு வரும். கறுப்பு மோலி மட்டும் பெரிய மனுஷன் மாதிரி மெதுவாக வரும். ஒரு நாள் காலையில் தண்ணீர்ச் செடிகளுக்கு நடுவே கண்ணும் வாலும் மட்டுமே இருக்கிற கப்பிக் குஞ்சுகள் தெரிந்தன. அவள் கத்திய கத்தலில் கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அம்மாவே மேலே ஓடி வந்துவிட்டார். உடனே தன் அம்மாவுக்குப் போன் போட்டு, "தொட்டி நெறைய மீனும்மா, குஞ்சு வேற வச்சிருச்சு" என்றாள். அந்தச் செய்தி அவள் அப்பாவின் காதுக்கும் போயிருக்கிறது.

அவள் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு கிராமம் அவர்களுக்கு. அவர் பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டு என் மனைவி என்னைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு வந்தார், பந்தலின் ஓரத்தில் நின்றார், சாப்பிடாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு நான்கு வருஷம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மாமியார் மாதம் ஒரு முறை வருவார். அவரை பஸ்ஸில் கூட்டி வருவதே இவர்தான். ஆனால் கீரனூர் பஸ் ஸ்டாண்டோடு சரி. மாமியார் எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் பேசித் திரும்பும் வரைக்கும் அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் போய்க் கூப்பிட்டால், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று பேப்பரிடம் சொல்வார். என் மனைவி ஒவ்வொரு தடவையும் அவருக்கும் சேர்த்து உலை வைப்பாள். மீதமாகும் சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைப்பாள். ஒரே ஒரு வேளை அப்பா இந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவளுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

அவர்கள் ஊரில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். கம்மா அழிக்கிறது என்பார்கள். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், வலையும் மூங்கில் கூடையுமாக மொத்த ஜனமும் சேற்றில் இறங்கும். பிடித்த மீனை விற்கக் கூடாது. கட்டிக்கொடுத்த பெண் வெளியூரில் இருந்தால் அந்த வீட்டுக்குப் பங்கு போயே ஆகவேண்டும். என்ன கோபம் இருந்தாலும் இந்த முறையை மாமனார் விட்டதில்லை. வருஷா வருஷம் எங்கள் பங்கு குழம்பாகித் தூக்குவாளியில் மாமியார் கையில் வந்துவிடும். போன வருஷம் மாமியாருக்குக் கண்மாய்ச் சேற்றில் கால் சுளுக்கிக்கொண்டது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி பக்கத்துத் தெருவில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். நான் லுங்கியோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், ஈரச் சாக்கால் மூடிய பெயின்ட் வாளியோடு மாமனார் நிற்கிறார். "வாங்க மாமா" என்பதற்குள் அவர் என் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசினார்.

"அவளுக்குக் கால் சுளுக்கு. முந்தா நாள் கம்மா அழிச்சாக. உசுரோட கெடக்கு, தண்ணி மாத்தணும். வாளிய எடுத்து ஊத்திட்டுக் குடுத்தா நான் கெளம்பிருவேன்."

சாக்கை விலக்கினால் மூன்று விரால், ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும். ஒன்று வாளியின் விளிம்புக்கு எம்பியது. "உள்ள வாங்க மாமா, அண்டா எடுத்துட்டு வாரேன்" என்று நான் பின்பக்கம் ஓடினேன். விரால் அந்த ஊரில் அப்படித்தான். அண்டாத் தண்ணீரில் உயிரோடு போட்டு வைத்து, வேண்டும்போது எடுத்துக் குழம்பு வைப்பார்கள். அண்டா பரண்மேல் இருந்தது. அதை இறக்கி, தூசி தட்டி, நான் ஹாலுக்கு வருவதற்குள் மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருந்தார். வாளி காலியாக இருந்தது.

"அதான் தொட்டி இருக்கே" என்றார். "உள்ள நடக்குறதெல்லாம் தெரியிது. நல்லாத்தான் இருக்கு."

விரால் மூன்றும் என் மனைவியின் செடிகளுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தன. ஒரு பிளாட்டி வழக்கம்போல் யாரோ வந்திருக்கிறார்கள் என்று கண்ணாடிக்கு வந்தது. ஒரு 'தப்' சத்தம். பிளாட்டியைக் காணோம்.

என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கோபம் வந்ததும் இல்லை, அதை அப்படி விழுங்கியதும் இல்லை. நான்கு வருஷத்தில் முதல் தடவையாக மனுஷன் உள்ளே வந்து நிற்கிறார். ஒரு சொல் சொன்னால் திரும்பிப் போய்விடுவார். சொல்லாவிட்டால் கப்பி ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. "உக்காருங்க மாமா" என்றேன். தப். "ஃபேன் போடவா மாமா?" தப். உள்ளங்கை அகலமே இருக்கும் மீன்வலையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏதோ தூசி எடுக்கிறவன் மாதிரி தொட்டிப் பக்கம் நகர்ந்தேன். விரால் அந்த வலையை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. மாமனார் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கறுப்பு மோலி மறைந்ததைத் திருப்தியாகப் பார்த்தார். "நல்ல பசி. ரெண்டு நாளா அண்டாவுல பட்டினி" என்றார்.

அப்போதுதான் கை நிறையக் கண்ணாடி வளையலோடு என் மனைவி உள்ளே வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை என்னால் எழுதிக் காட்ட முடியாது. அப்புறம் தொட்டியைப் பார்த்தாள். வளையல் சத்தம் நின்றுவிட்டது. மாமனார் அவள் முகத்தைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மெல்ல எழுந்தார்.

"ஆத்தா, அந்தப் பொடி மீனெல்லாம் விராலுக்குப் போட்டு வச்ச இரைன்னுல்ல நெனச்சேன்."

"பரவால்லப்பா" என்றாள் அவள். பெயில் ஆன பிள்ளையிடம் சொல்வாளே, அந்தக் குரல். அது அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொட்டிக்குள் கையை விட்டு, ஒவ்வொரு விராலாகக் கழுத்தைப் பிடித்து அண்டாவில் போட்டார். கடைசி விரால் நழுவி சோபாவுக்கு அடியில் போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் தரையில் தவழ்ந்து அதைத் துரத்தினோம். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பிடித்துப் போட்டதும், சட்டை நனைந்தது நனைந்தபடி, "வாரேன்" என்று கிளம்பிவிட்டார். அவள் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு படி வரைக்கும் ஓடினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் வந்து காலித் தொட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப்போய்ப் பக்கத்தில் போனால் சிரித்துக்கொண்டிருக்கிறாள். "இரைன்னு நெனச்சாராம்ங்க! நான் மாசக்கணக்கா வீடியோ பாத்து விராலுக்கு இரை வாங்கி வச்சிருக்கேன்!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அப்புறம் அது நிஜமாகவே அழுகையாகிவிட்டது. "தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டாருங்க" என்றாள். மீனுக்காக அவள் ஒரு சொட்டுக்கூட அழவில்லை.

விராலைக் குழம்பு வைக்க மாட்டேன் என்று அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். தன் பிளாட்டியைத் தின்றதைத் தான் எப்படித் தின்பது என்று கேட்டாள். கீழ்வீட்டில் கொடுத்துவிட்டோம். மத்தியானம் படி வழியாக வாசனை ஏறி வந்தது. மரியாதைக்கு ஒரு கிண்ணம் குழம்பும் ஏறி வந்தது. அவள் தொடவில்லை. நான் தொட்டேன். நன்றாகவே இருந்தது. தொட்டியைச் சுத்தம் செய்யும்போது செடிவேர்களுக்குள் நாலைந்து கப்பிக் குஞ்சுகள் பிழைத்திருப்பதைப் பார்த்தோம். விராலின் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னவை. அன்று அதற்கே கொண்டாட்டமாக இருந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்து, கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது மாமியார் நம்பரிலிருந்து போன் வந்தது. "சொல்லுங்கத்தை" என்றேன். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"நான்தான். அந்தக் கலர் மீனு எங்க விக்கும்?"

"திருச்சியிலங்க மாமா."

"ஞாயித்துக்கெழமை போலாமா? ஆத்தாகிட்டச் சொல்ல வேணாம்."

நான் என் மனைவியிடம் சொல்லாமல் இருக்கவில்லை. சொல்லாமல் ஒளித்து வைக்க எனக்கு வராது. அவள், "எனக்குத் தெரியாத மாதிரியே இருந்துக்குறேன்" என்றாள். என்னென்ன வாங்கவேண்டும், எது கூடாது என்று என்னைச் சொல்லவைத்து, பாடம் ஒப்பிப்பதுபோல் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் சலவை வேட்டியில் வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றார். பஸ்ஸில் இரண்டு டிக்கெட்டையும் அவரே எடுத்தார். நான் பையிலிருந்து கையை எடுக்கவே அவகாசம் தரவில்லை. மீன் கடைக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டார். வரிசை வரிசையாகத் தொட்டிகளும் விளக்கும் கலர் கலராக மீன்களும். அப்புறம் ஒவ்வொரு தொட்டியாகப் போனார். கடைக்காரரிடம் அவருக்கு இரண்டே கேள்விதான்: "இது எதத் திங்கும்? இத எது திங்கும்?"

டைகர் பார்ப்பைப் பார்த்ததும் உடனே சொன்னார். "இதுக்கு முழியே சரியில்ல." எனக்கு அந்த ஒரு வார்த்தையில் அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. ஆனால் கடையின் கடைசியில் ஆஸ்கர் என்று ஒரு மீன், முழங்கை நீளத்துக்கு, சோம்பலாக மிதந்துகொண்டிருந்தது. அதை விட்டு நகர மறுத்துவிட்டார். "வாங்குனா இதுல்ல மீனு" என்றார். அது நம் தொட்டியில் திரும்பக்கூட இடம் இருக்காது, திரும்பினால் மற்றதையெல்லாம் தின்றுவிடும் என்றேன். குழந்தை மாதிரி முகம் வாடிப்போனார். அப்புறம் நான் கப்பி, பிளாட்டி, மோலி இருக்கும் தொட்டிகளைக் காட்டினேன்.

"இதெல்லாம் நம்ம போர் தண்ணிக்கு ஒத்துவருமுங்க மாமா."

"போர் தண்ணியா? பருப்பே வேகாதே அதுல."

"இதுகளுக்கு அதுதான் புடிக்குமாம்."

அவர் குனிந்து கண்ணாடியில் மூக்குப் படும்படி பார்த்தார். "அப்ப நம்ம ஊரு ஆளுகதான்" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. பிளாட்டியில் ஆரஞ்சோடு மஞ்சளும் சேர்த்தார். கப்பியில் ஆண் ஒன்றுக்குப் பெண் இரண்டு என்ற கணக்கைச் சொன்னபோது, "வீட்டுல உங்க அத்தை ஒருத்தியவே சமாளிக்க முடியல" என்றார். எண்ணிக்கை இரட்டைப்படையில் முடிவது அவருக்குப் பிடிக்கவில்லை. நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படைதான் வேண்டும் என்று கடைசியாக ஒரு கறுப்பு மோலியைச் சேர்க்கச் சொன்னார். "அதுதான் போன தடவ பெரிய மனுஷனாட்டம் இருந்துச்சு, மாப்ள" என்றார். மாப்ள என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார். நான்தான் மோலியை மறந்து நின்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். பைகளை அவர்தான் மடியில் வைத்துக்கொண்டார். "மீனு இருக்கு, அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க" என்று கீரனூர் வரைக்கும் எல்லோரையும் அதட்டிக்கொண்டே வந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் டீக்கடைக்காரர் அவரைப் பார்த்து கிளாஸைக் கையில் எடுத்துவிட்டார். மாமனார் ஒரு கணம் நின்றார். "இல்லப்பா, மீனு கொண்டு போறேன்" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தார்.

கதவைத் திறந்த என் மனைவி, ஒன்றும் தெரியாதவளாக, "வாங்கப்பா" என்றாள். அவர் பைகளைத் தொட்டிக்கு மேல் தூக்கிவிட்டார். "அப்பா, இருங்க, இருங்க! ஒடனே ஊத்தக் கூடாது" என்று பாய்ந்து வந்து தடுத்தாள். பையோடு தண்ணீரில் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சேர்க்க வேண்டும். திடீரென்று விட்டால் தண்ணீர் மாற்றம் தாங்காமல் மீன் செத்துப்போகும். "எவ்வளவு நேரம்?" என்றார். அரை மணி நேரமாவது ஆகும் என்றாள். போன தடவை விட்டதில் அவருக்குப் பயம் வந்திருந்தது. சரி என்று தொட்டியின் முன்னால் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவள் ஒரு கரண்டியைக் கொடுத்தாள். அவர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டியிலிருந்து ஒரு கரண்டி மொண்டு ஒவ்வொரு பையிலும் ஊற்றினார். இடையில் எங்களிடம் திரும்பி, கண்மாயில் இந்த வருஷம் தண்ணீர் தங்காதது, மாமியார் கால் வீக்கம் வற்றியது, ஊரில் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று பேசிக்கொண்டே இருந்தார். நான்கு வருஷத்துப் பேச்சு. அடுப்படியில் சாதம் வடித்து, புளிக்குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும் முட்டையும் தயாராக இருந்தன. ஆனால் சாப்பிடக் கூப்பிட என் மனைவிக்குத் தைரியம் வரவில்லை. கூப்பிட்டு அவர் வேண்டாம் என்றுவிட்டால் என்ன செய்வது என்று என் காதில் சொன்னாள். நானும் கூப்பிடவில்லை.

கடைசியில் பைகளைச் சாய்த்து மீன்களை விட்டார். முதலில் எல்லாம் செடிக்குள் ஓடி ஒளிந்தன. பிறகு மஞ்சள் பிளாட்டி ஒன்று தயங்கித் தயங்கி வெளியே வந்தது. அதன் பின்னால் மற்றவை வந்தன. செடிவேரில் பிழைத்திருந்த கப்பிக் குஞ்சுகளும் எட்டிப் பார்த்தன. மாமனார் கொஞ்ச நேரம் மூச்சுக்கூட விடாமல் பார்த்தார்.

"ஒண்ண ஒண்ணு ஒண்ணும் செய்யல" என்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கைகழுவ எங்கிட்டு ஆத்தா? பசிக்குது, எலையப் போடு."

என் மனைவி இலை எடுக்கப் போனவள் அடுப்படிச் சுவரில் ஒரு நிமிஷம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். நானே இலையைப் போட்டேன். அவள் வந்து பரிமாறினாள். அவர் தலை நிமிராமல், குழம்பை இரண்டாம் தடவை ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டார். இன்னொரு முட்டை வைத்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சோற்றைக் குழி பறித்து வைத்துக்கொண்டு, "ரசம் ஊத்து" என்றார்.

ரசம் வைக்கவில்லை. குழம்பிலும் பொரியலிலும் அவ்வளவு கவனமாக இருந்தவள் ரசத்தை மறந்துவிட்டிருந்தாள். வாயில் கை வைத்துக்கொண்டு, "அஞ்சு நிமிசம்ப்பா, இப்ப வச்சுர்றேன்" என்று திரும்பினாள்.

"இருக்கட்டும் விடு" என்றார் அவர், மோரை எடுத்துச் சோற்றில் தானே ஊற்றிக்கொண்டு. "அடுத்த ஞாயித்துக்கெழமை உங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு வாரேன்ல, அப்ப வையி."